இரண்டாவது லைனில் பேசியவன்!

"முதல் லைனைப் பிடுங்குங்க!"

கவிநிலாவின் குரல் மூன்றாவது மாடி முழுக்க அறைந்தது.

எண்பது ஹெட்போன் தலைகள் ஒன்றாகத் திரும்பின.

கேட்கவே கூடாது என்று அவளுக்குச் சொல்லப்பட்டிருந்த ஒரே விஷயம் அது.

அவள் நெட்வொர்க் அசிஸ்டெண்டாக வேலையில் சேர்ந்த அன்றைக்கே பலராமன் சொல்லியிருந்தான். நெட்வொர்க் மேனேஜர். முதலாளி பெண்டாட்டியின் தம்பி. இரண்டாவது தகுதியால் கிடைத்ததுதான் முதல் தகுதி.

"த பாரும்மா... லீவு கேளு. இன்க்ரிமெண்ட் கூட கேளு. லைனைப் பிடுங்கிக் காட்டுங்கன்னு மட்டும் எப்பவும் கேக்காத. ஓடற வண்டியில சக்கரத்தைக் கழட்டிப் பாப்பாங்களா யாராச்சும்?"

ஒன்றரை வருடம் கேட்கவில்லை.

இன்றைக்குக் கேட்டுவிட்டாள். அதுவும் முதலாளி கேபினில் இருக்கும்போது... இன்ஸ்பெக்டர் முன்னால்!

திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்கால். கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால், நேற்று வரை நிலமாக இருந்து இன்றைக்கு 'நகர்' ஆகிவிட்ட இடத்தில் ஒரு மூன்று மாடிக் கட்டடம். 'கோதண்ட் கேர்'. சிங்கப்பூரில் ஒருவருக்குப் பல் வலித்தால் ஃபோன் இங்கேதான் அடிக்கும். அங்கே இருக்கும் நாற்பது கிளினிக்குகளுக்கு இங்கிருந்துதான் அப்பாயிண்ட்மெண்ட். பேச்சு பாதியில் அறுந்தால் அவர்கள் கத்துவார்கள். அதனால் இரண்டு கம்பெனிகளிடமிருந்து இன்டர்நெட். ஒன்று படுத்தால் கண் இமைப்பதற்குள் மற்றது தூக்கிக்கொள்ளும்.

கண்ணாடி அறைக்குள் இரண்டு பெட்டிகள். இரண்டு பச்சை விளக்குகள். வெளியூர்க்காரர்களுக்குக் கோபுரத்தைக் காட்டுவதுபோல, வருகிறவர்களுக்கெல்லாம் அதைக் காட்டுவார் முதலாளி கோதண்டராமன்.

"பைத்தியமா உனக்கு?" பலராமன் பாய்ந்து வந்து கண்ணாடிக் கதவை மறித்தான். "எண்பது கால் ஓடிகினு இருக்கு! மல்லாட்டைக் கொல்லையில செடி பிடுங்கின பழக்கம் இன்னும் போகலையா?"

கவிநிலாவுக்கு ஊர் கீழ்பென்னாத்தூர். அப்பாவும் அம்மாவும் கூலிக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கியவர்கள். அவளும் பிடுங்கியிருக்கிறாள். அந்த வீட்டில் முதல் டிகிரி அவளுடையது. வாரத்துக்கு ஒருமுறை இங்கே யாராவது அதைச் சொல்லிக்காட்டாமல் விடமாட்டார்கள்.

"ஆமா சார். செடியைப் பிடுங்கினாத்தான் அடியில காய் இருக்கா, சொத்தையான்னு தெரியும்!"

நாற்காலியில் உட்கார்ந்திருந்த இன்ஸ்பெக்டர் வெள்ளையம்மாள் சிரித்தாள். ஐம்பது வயது. முந்தாநாள் பௌர்ணமி பந்தோபஸ்தில் பதினெட்டு மணி நேரம் நின்ற கால்கள். ஷூவின் கயிற்றைத் தளர்த்திவிட்டு அமர்ந்திருந்தாள்.

"பொண்ணு சொல்றதுல நியாயம் இருக்கே!"

"மேடம், இதுக்கும் கொலைக்கும் இன்னா சம்பந்தம்?" பலராமன் எகிறினான். "அதான் ஆளைப் பிடிச்சிட்டீங்களே! அந்த ஃபைஸ்!"

ஃபைஸ்...



முந்தாநாள் பௌர்ணமி. மாலை ஏழு மணி. ரமணாசிரமம் பக்கம், செங்கம் ரோட்டில் ஒரு கெஸ்ட் ஹவுஸ். மாடி அறைக்குத் தண்ணீர் கேன் தூக்கிப்போன பெண் அலறிய அலறல், சாலையில் கிரிவலம் போன கூட்டத்தையே ஒரு நொடி நிறுத்தியது.

தரையில் மாறன்.

கழுத்தில் கத்தி.

மாறன் இதே கோதண்ட் கேரில் ஆறு வருடம் ஆபரேஷன்ஸ் மேனேஜராக இருந்தவன். போன வாரம்தான் ராஜினாமா செய்தான். சொந்த ஆபீஸ் ஆரம்பிக்க அந்த அறையை வாடகைக்கு எடுத்திருந்தான். காலை பதினோரு மணிக்கு அங்கே புதிதாக இன்டர்நெட் லைன் இழுத்துக் கொடுத்தவன் ஃபைஸ். வேறொரு கம்பெனியில் லைன் டெக்னீஷியன். கூட்டம் சேர்வதற்குள் கிளம்ப வேண்டும் என்ற அவசரத்தில் ஒயர் சீவுகிற கத்தியை அங்கேயே மறந்துவிட்டு வந்துவிட்டான்.

கத்தியில் அவன் கைரேகை. வேறு யாருடையதும் இல்லை.

போதாதா? நேற்று மத்தியானம் தூக்கிக்கொண்டு போனார்கள். இன்றைக்கு மத்தியானத்துக்குள் மாஜிஸ்ட்ரேட் முன்னால் நிறுத்த வேண்டும். நிறுத்தினால் ரிமாண்டு. அப்புறம் வருடக்கணக்கில் வாய்தா.

இப்போது மணி பத்தரை!

ஃபைஸும் கவிநிலாவும் காலேஜில் ஒரே வகுப்பு. அவன் வீட்டிலும் அவன்தான் முதல் டிகிரி. நேற்று சாயங்காலம் ஸ்டேஷன் வாசலில் அவன் அம்மா சாயிரா பானு கவிநிலாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே கேள்விதான் கேட்டாள்.

"எம் புள்ள கோழி அறுக்கிறதைக் கூடப் பாக்கமாட்டான்மா... இவுங்களுக்கு அது கூடத் தெரியாதா?"

அதன்பிறகு கவிநிலா தூங்கவில்லை. ஆபீஸ் ரூட்டரின் பதிவுகளைப் பிரித்துப் போட்டு விடிய விடியப் பார்த்தாள். காலை எட்டு மணிக்குக் காகிதங்களோடு ஸ்டேஷனில் நின்றாள்.

வெள்ளையம்மாள் அவற்றைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கு. இதைக் கோர்ட்டுல காட்டினா எங்க வக்கீலே கொட்டாவி விடுவார். எங் கண்ணு முன்னாடி காட்டு. நான் வரேன்."

வந்துவிட்டாள்.

"இன்னா சத்தம் இங்கே?"

கேபின் கதவு திறந்தது. கோதண்டராமன். ஐம்பத்து நாலு வயது. வெள்ளைச் சட்டை. நெற்றி நிறைய விபூதி. குரல் எப்போதும் பாகு மாதிரி.

"வாங்க சார்." வெள்ளையம்மாள் எழுந்திருக்கவில்லை. "ஃபைல் மூடறதுக்கு முன்னாடி ஒரு சின்ன சந்தேகம். மாறன் போனதுல உங்களுக்கும் வருத்தம்தானே? அதனால உங்களையும் ஒரு வார்த்தை கேட்டு எழுதிக்கணும்."

"நேத்தே சொன்னேனே மேடம்."

"இன்னொரு தடவை சொல்லுங்க. வயசாச்சு... மறந்துபோது."

கோதண்டராமன் புன்னகைத்தார். "பௌர்ணமின்னா பஸ்ஸெல்லாம் ஊருக்கு வெளியிலயே நிறுத்திடுவாங்க. பொண்ணுங்க வீட்டுக்குப் போகமுடியாது. அதனால பன்னெண்டு மணிக்கே ஆபீஸை மூடிட்டேன். நான் மட்டும் கேபின்ல இருந்தேன். அஞ்சு இருபதுல இருந்து அஞ்சு அம்பத்தெட்டு வரைக்கும் சிங்கப்பூரோட வீடியோ கால்."

"சிங்கப்பூர்ல கேட்டோம். ஆமான்னாங்க. உங்க முகம், பின்னால உங்க கேபின், அந்த நடராஜர் சிலை... எல்லாத்தையும் பாத்தாங்களாம்."

"அப்புறம் இன்னா மேடம்?"

"அன்னதானப் பந்தலுக்குச் சாமான் ஏத்தி வந்த லாரி, அன்னிக்கு உங்க தெருமுனையில கேபிளை அறுத்துடுச்சே! அஞ்சு பன்னெண்டுக்குப் போன லைன், ஆறு நாலுக்குத்தான் திரும்பி வந்தது."

"அதுக்குத்தான் மேடம் ரெண்டு லைன்!" கோதண்டராமன் கண்ணாடி அறையைக் காட்டினார். "ஒரு கம்பெனியோட லைன் போச்சு. இன்னொரு கம்பெனி லைன் தூக்கிக்கிச்சு. பேசிட்டிருந்த எனக்கே தெரியலை. பலராமன் எழுதிக் குடுத்திருக்கானே!"

"குடுத்திருக்கார், குடுத்திருக்கார். 'இரண்டாவது லைன் அன்று மாலை தடையின்றி இயங்கியது'. கையெழுத்து, தேதி, ரப்பர் ஸ்டாம்ப்."

பலராமன் கழுத்தைத் துடைத்துக்கொண்டான். ஏ.சி. பதினெட்டில் ஓடிக்கொண்டிருந்தது!

"சார், அந்த ரெண்டாவது லைனைத்தான் மேடத்துக்குக் காட்டலாம்னு சொன்னேன்," என்றாள் கவிநிலா. "முதல் லைனைப் பிடுங்கினா ரெண்டாவது தூக்கணும். அஞ்சு செகண்ட் வேலை. பலராமன் சார் விடமாட்டேங்கறார்."

"மாமா, வேணாம் மாமா! இந்தப் பொண்ணு பேச்சைக் கேட்டு..."

"ஏன்டா வேணாம்?"

"கால் எல்லாம் போய்டும் மாமா!"

"போகக்கூடாதுன்னுதானடா ரெண்டு வச்சிருக்கேன்!" கோதண்டராமனின் பாகுக் குரலில் முதல்முறையாக ஒரு கல் தட்டுப்பட்டது. "நகரு. பிடுங்கும்மா நீ. மேடம் நல்லாப் பாக்கட்டும்!"

பலராமன் நகரவில்லை.

வெள்ளையம்மாள் லத்தியால் அவன் தோளை மெல்லத் தட்டினாள். நகர்ந்தான்.

கவிநிலா கண்ணாடி அறைக்குள் போனாள்.

முதல் லைன் கட்டடத்துக்குள் நுழையும் சுவர் முனை. நீல ஒயர்.

விரல் வைத்தாள்.

பிடுங்கினாள்!

ஒரு நொடி...

இரண்டு நொடி...

"ஹலோ? ஹலோ சார்?"

"மேடம், கேக்குதுங்களா?"

"ஹலோ...!"

எண்பது வாய்கள் ஒரே வார்த்தையைக் கத்தின. எண்பது திரைகளில் எண்பது வட்டங்கள் சுற்றத் தொடங்கின. முன்வரிசையில் இருந்த சினேகா எழுந்து நின்றாள்.

"கவி! போச்சுடி! ஆஸ்பத்திரியில சேரணும்னு ஒரு அம்மா அழுதுட்டிருந்தாங்கடி!"

"தெரியும் சினேகா... மன்னிச்சுக்கோ."

இரண்டாவது பெட்டியின் பச்சை விளக்கு சிவப்பானது.

பிறகு அணைந்தே போனது.

"இது... இது எப்படி?" கோதண்டராமன் வாய் பிளந்தார்.

கவிநிலா ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். ஃபால்ஸ் சீலிங்கில் ஒரு சதுரத்தைத் தள்ளினாள். தூசியோடு ஒரு செத்த பல்லி விழுந்தது. உள்ளே கைவிட்டு இரண்டு ஒயர்களையும் கீழே இழுத்தாள்.

இரண்டும் ஒரு கையகலப் பெட்டியில் சேர்ந்தன. அதற்கு அப்பால் போனது...

ஒரே நீல ஒயர்!

"பாத்துக்கோங்க மேடம். ரெண்டு பெட்டி, ரெண்டு ஸ்டிக்கர், ரெண்டு பில்லு. ஆனா ரெண்டுக்கும் தண்ணி ஒரே குழாய்ல வருது. ரெண்டாவது கம்பெனி லைன்னு ஒண்ணு இந்தக் கட்டடத்துக்குள்ள இல்லவே இல்லை. ஒவ்வொரு தடவையும் ரெண்டு பெட்டியும் ஒரே செகண்ட்ல விழுது, ஒரே செகண்ட்ல எழுந்திருக்குது. இந்த வருஷத்துல மட்டும் பதினோரு தடவை, எல்லாம் ஆபீஸ்ல ஆள் இல்லாத நேரம். ரூட்டர்ல பதிவாகியிருக்கு. தனித்தனி ஆளா இருந்தா ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல பதினோரு தடவையா தும்மல் வரும்?"

பளார்!

கோதண்டராமனின் கை பலராமனின் கன்னத்தில் இறங்கியிருந்தது.

"நாயே! ரெண்டு லைனுக்குக் காசு வாங்கிட்டு ஒண்ணை வெட்டி ரெண்டாக்கி வச்சியா? என் அடிமடியிலயே கை வச்சியாடா?"

"மாமா... ஆரம்பத்துல நெஜமாவே போட்டேன் மாமா. மூணு மாசம் இருந்துச்சு. அதுவரைக்கும் முதல் லைன் போகவே இல்லை. சும்மாத்தானே கிடக்குதுன்னு..."

"சும்மாத்தானேன்னு?"

"கட் பண்ணிட்டேன்... பில்லை மட்டும் நானே அடிச்சிகினேன்."

"துரோகி! கூடவே இருந்து என் வயித்துல அடிச்சிட்டியே! உங்க அக்காவுக்காக உன்னைச் சேத்தேன் பாரு... மனுஷன்னா ஒரு நாணயம் வேணாம்? ஒரு மனசாட்சி வேணாம்?"

விபூதி நெற்றியில் வியர்வை கோடு போட்டு இறங்கியது. கத்தினார். மூச்சு வாங்கினார். மறுபடி கத்தினார். எண்பது பெண்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிலருக்கு அவர்மேல் பரிதாபம் கூட வந்துவிட்டது.

கவிநிலாவுக்கு வரவில்லை. எச்சில் இலையில் ஈ மொய்ப்பதைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

அவர் ஓயும்வரை காத்திருந்தாள். ஓய்ந்ததும் கேட்டாள். மெதுவாக.

"அப்போ சார்... முந்தாநாள் எந்த லைன்ல பேசினீங்க?"

கோதண்டராமனின் கை, நெற்றி வியர்வையைத் துடைக்கப் போன இடத்திலேயே நின்றது.



"அஞ்சு பன்னெண்டுக்கு முதல் லைன் செத்துப்போச்சு. ரெண்டாவது லைன் பொறக்கவே இல்லை. அஞ்சு இருபதுக்கு இந்த ஆபீஸ்ல உக்காந்து ஒருத்தர் சிங்கப்பூருக்கு முகம் காட்டினாருன்னா... அது சாமியாத்தான் இருக்கணும்."

"மொ... மொபைல்!" கோதண்டராமன் சட்டென்று பிடித்துக்கொண்டார். "ஆமா! இப்பத்தான் ஞாபகம் வருது. லைன் போனதும் மொபைல் நெட்ல பேசினேன்!"

வெள்ளையம்மாள் வாய்விட்டுச் சிரித்தாள்.

"சார், இந்தக் கதையை மெட்ராஸ்ல போய்ச் சொல்லுங்க, நம்புவாங்க. இது திருவண்ணாமலை! பௌர்ணமி சாயங்காலம் அஞ்சரை மணிக்கு மொபைல்ல வீடியோ காலா? பத்து லட்சம் ஜனம் ஊருக்குள்ள! பக்கத்துத் தெருவுல நிக்கிற என் எஸ்.ஐ.யை ஃபோன்ல பிடிக்க முடியாம நானே ஆள் விட்டுக் கூப்பிட்டேன். உங்களுக்கு மட்டும் டவர் இறங்கி வந்து சேவை பண்ணுச்சா?"

"மேடம், நீங்க அபாண்டமா..."

"அவருக்கே தெரியும் மேடம்," கவிநிலா குறுக்கிட்டாள். "இந்த ஊர்க்காரர்தானே. பௌர்ணமியில மொபைல் வேலை செய்யாது... ஒயர்தான் வேணும். ரமணாசிரமம் பக்கம் அன்னிக்கு அவருக்காகவே ஒரு புது ஒயர் காத்துட்டிருந்துச்சு. காலையில பதினோரு மணிக்கு ஃபைஸ் இழுத்தது. மாறன் சார் ரூம்ல. அந்தக் கம்பெனி கேபிள் வேற பக்கமா வருது. லாரி அதைத் தொடவே இல்லை."

வெள்ளையம்மாள் மடித்த காகிதம் ஒன்றை எடுத்தாள். கண்ணாடியை மூக்கில் ஏற்றினாள்.

"இது காலையில அந்தக் கம்பெனியில வாங்கினது. மாறன் ரூம் லைன்ல முதன்முதலா ஒரு கம்ப்யூட்டர் சேர்ந்தது அஞ்சு பதினெட்டுக்கு. முப்பத்தெட்டு நிமிஷம் சிங்கப்பூரோட வீடியோ கால். ஆனா டாக்டர் இன்னா சொல்றார்? மாறன் செத்தது அஞ்சு மணி வாக்குல! செத்தவன் எழுந்து உக்காந்து முப்பத்தெட்டு நிமிஷம் பேசினானா சார்?"

 

"அந்தக் கம்ப்யூட்டர் பேரு கூட இதுல இருக்கு. 'கோதண்ட்-எம்.டி.' யாருதும்மா அது?"

"சாரோட லேப்டாப், மேடம். அந்தப் பேரை வச்சதே நான்தான்."

"பாஸ்வேர்டு?"

"புதுப் பெட்டியில பாஸ்வேர்டை அடியிலயே ஒட்டியிருப்பாங்க. யாரும் மாத்தமாட்டாங்க."

எண்பது பெண்களில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். மாறன் அவளுக்கு வேலை கற்றுக்கொடுத்தவன்.

எப்படிப் போயிருப்பார் என்று கவிநிலாவுக்கு இப்போது கண்ணில் தெரிந்தது. வேட்டி. வெற்றுக்கால். தோளில் துணிப்பை. பைக்குள் லேப்டாப். பத்து லட்சம் பேர் சாமி பேரைச் சொல்லி நடந்தார்கள். நடுவில் ஒருத்தர் கொலை பண்ண நடந்தார். எந்தக் கேமராவால் பிரித்துக் காட்ட முடியும்?

"பின்னால தெரிஞ்ச கேபின்... அது வெறும் படம்," என்றாள் அவள். "வீடியோ கால்ல யார் வேணா வச்சிக்கலாம். முன்னால விபூதி பூசின முகம். பின்னால நடராஜர் படம். அந்தப் படத்துக்குப் பின்னால..."

கோதண்டராமன் பக்கம் திரும்பினாள். 

"படத்துக்குப் பின்னால, தரையில, மாறன் சார்!"

"இதையும் கேளும்மா," வெள்ளையம்மாள் காகிதத்தைத் திருப்பினாள். "சிங்கப்பூர்க்காரர் மெயில்ல எழுதியிருக்கார். 'மாறன் எங்கே என்று கேட்டேன். எங்கேயும் போகவில்லை, இங்கேதான் இருக்கிறார், களைத்துப்போய்ப் படுத்திருக்கிறார் என்று மிஸ்டர் கோதண்டராமன் சொன்னார்.'"

"சீ!"

யார் சொன்னது என்று தெரியவில்லை. எண்பது பேரில் எவளோ. எல்லோரும்தானோ என்னவோ!

கோதண்டராமன் நாற்காலியில் சரிந்தார். பாகு வற்றிவிட்ட குரலில் பேசினார்.

"ஆறு வருஷம் என் உப்பைத் தின்னான். நாற்பது கிளினிக்கையும் தூக்கிட்டுப் போகப் பாத்தான். பேசித்தான் பாத்தேன்... 'உங்க ஆபீஸ்ல மனுஷன் மதிப்பு கம்மி சார், ஒயருக்குத்தான் மதிப்பு ஜாஸ்தி'ன்னு சிரிச்சான். கத்தி மேசை மேலயே இருந்துச்சு. துண்டைச் சுத்திப் பிடிச்சேன்..." நிமிர்ந்து பெண்களைப் பார்த்தார். "எனக்காகவா பண்ணேன்? இந்த எண்பது பொண்ணுங்க சோத்துக்காகப் பண்ணேன்!"

"நிறுத்துங்க சார்!" கவிநிலா வெடித்தாள். "எங்க பேரை இழுக்காதீங்க! எங்க தட்டுல ரத்தத்தை ஊத்திட்டு 'சாப்பிடு'ங்கறீங்களா? குமட்டுது! பேசித்தான் பாத்தேன்னு சொல்றீங்களே... பேசப் போனவருக்கு அந்தக் கேபின் படம் எதுக்கு? சிங்கப்பூர்க்காரரை அதே நேரத்துக்கு வரச்சொன்னது எதுக்கு? பௌர்ணமி பாத்துப் போனது எதுக்கு?"



"விடும்மா. மிச்சத்தை நான் கேட்டுக்கறேன்." வெள்ளையம்மாள் ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுந்தாள். ஃபோனை எடுத்தாள். "ஹலோ ஸ்டேஷன்? அந்த ஃபைஸ் பையனுக்கு முதல்ல டீ வாங்கிக் குடுங்க. கோர்ட்டுக்கு அவன் வேணாம். வேற ஆள் வரார்."

இரண்டு கான்ஸ்டபிள்கள் கோதண்டராமனை எழுப்பினார்கள். படியிறங்கும்போது கூட அவர் திரும்பி மச்சானைப் பார்த்துத்தான் பல்லைக் கடித்தார். அவர் கணக்கில் இந்தக் கட்டடத்தில் நடந்த ஒரே குற்றம் அவன் செய்ததுதான்!

வாசலில் நின்று வெள்ளையம்மாள் சொன்னாள். "பலராமன், நீங்களும் கீழ வாங்க. பேச வேண்டியிருக்கு."

"ரெண்டு நிமிஷம் மேடம்! சிஸ்டமெல்லாம் சரி பண்ணிட்டு ஓடியாந்துடறேன்!"

"ரெண்டே நிமிஷம்!"

பூட்ஸ் சத்தம் இறங்கிப் போனது.

கவிநிலா நீல ஒயரைத் திரும்பச் செருகினாள். பச்சை விளக்குகள் எரிந்தன. "லைன் வந்துடுச்சு சினேகா! அந்த அம்மாவைத் திரும்பக் கூப்பிடு!"

தன் மேசைக்குப் போய் டிபன் பாக்ஸை எடுத்துப் பையில் வைத்தாள்.

பலராமன் பக்கத்தில் வந்து நின்றான். அறை விழுந்த கன்னம் சிவந்திருந்தது. ஆனால்...

சிரித்துக்கொண்டிருந்தான்!

"கவிநிலா... நீ இன்னா லேசுப்பட்டவளா! சொத்தையைப் பிடுங்கியே போட்டுட்ட. மாமா இனிமே வரமாட்டார். அக்காவுக்கு ஒண்ணும் தெரியாது. அப்படீன்னா கம்பெனி யார் கைக்கு வரும்?"

"உங்க கைக்கு."

"நம்ம கைக்கும்மா! நெட்வொர்க் மேனேஜர் சீட்டு உனக்கு. சம்பளம் நீ சொல்றதுதான். ஒரே ஒரு விஷயம்... சிங்கப்பூர்ல கேட்டாங்கன்னா, ரெண்டாவது லைன் நேத்துதான் ரிப்பேர் ஆச்சுன்னு சொல்லிடு. அவ்ளோதான்."

கவிநிலா பையின் ஜிப்பை இழுத்தாள். நிதானமாக அவன் முகத்தைப் பார்த்தாள்.

"ஒண்ணு கேக்கறேன் சார். ரெண்டாவது லைன் இல்லைன்னு இந்த ஆபீஸ்ல தெரிஞ்ச ஒரே ஆளு நீங்க. 'ரெண்டாவது லைன்ல பேசினேன்'னு மாமா சொன்னப்பவே, அவர் பொய் சொல்றார்னு உங்களுக்குத் தெரியும்தானே?"

"அது... தெரியும்."

"கொலை பண்ணது அவர்தான்னு?"

"நான் எதுக்கும்மா அதெல்லாம் யோசிக்கணும்? யோசிச்சா லைன் விஷயம் வெளிய வரும். பேஜாரு! அந்தத் துலுக்கப் பையன் கத்தி வேற தோதா அங்கே கிடந்துச்சு. அவங்களுக்கு ஜெயில் புதுசா இன்னா? விட்டுத்தள்ளு."

கொன்றவனுக்காவது ஒரு கோபம் இருந்தது. இவனிடம் அதுகூட இல்லை. ஒரு ஒயரை மறைக்க ஒரு உயிரைத் தூக்குக் கயிற்றில் மாட்டி, அதற்கு ரப்பர் ஸ்டாம்பும் குத்தியிருக்கிறான்.

கழுவாத சிங்க்குக்குள் கைவிட்டதுபோல் இருந்தது கவிநிலாவுக்கு.

கழுத்திலிருந்து ஐ.டி. கார்டைக் கழற்றினாள். கொடுக்கவில்லை. குப்பைத் தொட்டியில் போட்டாள்.

"ராஜினாமா மெயில் காலையில ஏழு மணிக்கே போயாச்சு. சிங்கப்பூருக்கும் ஒரு காப்பி போயிருக்கு, அந்தப் பதினோரு தடவை லிஸ்ட்டோட."

பலராமனின் சிரிப்பு நழுவியது.

"அ... அவசரப்பட்டுட்டியேம்மா! சரி, போ. உன்னை மாதிரி ஆயிரம் பேரு கிடைப்பாங்க. நான் போய் சாட்சி சொல்லிட்டு வந்து பேசிக்கறேன்..."

"சாட்சியா?" கவிநிலா கதவருகில் நின்றாள். "பொய் சாட்சி எழுதிக் குடுத்து கொலைகாரனைக் காப்பாத்தினாருன்னு ஸ்டேஷன்ல இன்னொரு புகாரும் இருக்கு சார். எட்டு மணிக்கு நான்தான் கையெழுத்துப் போட்டேன். இன்ஸ்பெக்டர் மேடம் பேசணும்னு சொன்னது அதைப் பத்தித்தான்."



கீழே ஜீப் ஹாரன் அடித்தது. நீளமாக.

கவிநிலா படியில் கால் வைத்தாள். திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"போங்க சார், கூப்பிடறாங்க! ஜீப்புல உங்க மாமா பக்கத்துல இன்னொரு சீட்டு இருக்கு. பயப்படாதீங்க... போலீஸ் வண்டி! ரெண்டாவது சீட்டு நெஜமாவே இருக்கும்!"